அடி விழும் வீட்டிலிருந்து வந்தவள் முதலில் எந்தக் கதவைத் தட்டுவது?

சென்ற மாதம் கடலூர் முதுநகரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். அவருடைய தங்கையைப் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு பிள்ளைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு தங்கை பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, புடவைத் தலைப்பைக் கழுத்தோடு சுற்றிக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள். மறுநாள் காலை தலைப்பு விலகியபோதுதான் கழுத்தில் விரல் தடம் தெரிந்தது.

அன்றிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. நான்கு நாள் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. இரு பக்கப் பெரியவர்களையும் வைத்துப் பேசலாம் என்கிறார் அப்பா. நேராக மகளிர் காவல் நிலையம் போகவேண்டும் என்று குதிக்கிறான் தம்பி. யாரோ ஒருவர், பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார், அவரிடம் மனுக் கொடுங்கள் என்றிருக்கிறார். தங்கையோ எதற்கும் பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "எது நல்லது என்று சொல்லுங்கள்" என்று அக்கா கேட்கிறார்.

இருபத்தைந்து ஆண்டுகள் இந்த மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள் நான். தடுப்பூசி போடப் போன வீடுகளில் கதவிடுக்கில் கை நசுங்கிவிட்டது என்றும் மாடு முட்டிவிட்டது என்றும் சொல்லப்பட்ட காயங்கள் எத்தனை என்று கணக்கு வைக்கவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அடி வாங்கிய பெண்களில் உதவி கேட்டவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 14 பேர்தான். முதுநகர்த் தங்கை அக்காவின் வீட்டு வாசலுக்கு வந்ததே பெரிய காரியம். இனி எடுக்கும் முதல் முடிவு அவளை மறுபடியும் அந்த மௌனத்துக்குள் தள்ளிவிடக் கூடாது.

## எதை வைத்து அளப்பது

நம் ஊரில் இத்தகைய விஷயத்தில் வெற்றி என்றால் "சேர்த்து வைத்துவிட்டோம்" என்பதுதான். இந்த அளவுகோலை முதலில் கீழே வைத்துவிட வேண்டும். சேர்ந்தார்களா, பிரிந்தார்களா என்பது பிறகு. அடி நின்றதா என்பதே கேள்வி. அதையொட்டி ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்பவை இவை: இன்று இரவு அவள் உயிருக்குப் பாதுகாப்பு உண்டா? தங்க இடமும் கைச்செலவுக்குப் பணமும் பிள்ளைகளும் அவளிடம் இருக்குமா? நடந்ததற்கு எழுத்தில் ஏதாவது மிஞ்சுமா? நாளை அவள் மனம் மாறினால் அந்த வழியிலிருந்து திரும்ப முடியுமா?

கடைசியாக ஒன்று. அதை யாரும் கேட்பதில்லை. அவளுடைய மனம் இப்போது இருக்கும் நிலையில் இந்த வழியை அவளால் தாங்க முடியுமா?

இந்தக் கடைசிக் கேள்வியை நான் கற்றுக்கொண்டது தேவனாம்பட்டினத்தில். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பல மாதங்கள் அங்கே போய்வந்தேன். கடலையே நம்பிப் பிழைத்த பெண்கள் அலைச் சத்தம் கேட்டால் உடல் விறைத்துப் போவார்கள். அன்று நடந்ததைக் கேட்டால் முன்பின்னாகச் சொல்வார்கள். ஒருவர் தன் குழந்தையின் கை நழுவியதை அழாமல், காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னார். பொய் சொல்கிறார் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் அலையை ஊரே பார்த்தது. வீட்டுக்குள் அடி வாங்கியவளுக்கும் இதே விறைப்பு, இதே குழறல், இதே வெறுமை வரும். பேரச்சத்தில் மூளை உயிர் பிழைப்பதை மட்டும் பார்க்கும். நிகழ்ச்சிகளை வரிசையாக அடுக்கி வைக்க அதற்கு நேரமில்லை. அதனால் செருப்புச் சத்தமும் சாராய வாடையும் துல்லியமாக நினைவிருக்கும், தேதி நினைவிருக்காது. சுனாமி ஒருநாள் வந்து போனது. இவளுக்கோ அது தினமும் மாலை மோட்டார் சைக்கிள் சத்தத்தோடு வருகிறது. எந்த வாசலுக்குப் போனாலும் அவள் இந்த மனத்தோடுதான் போய்ப் பேசவேண்டும் என்பதை மறந்துவிட்டு வழிகளை ஒப்பிட்டால் கணக்குத் தப்பும்.

## தாய் வீட்டில் இருந்துவிடுவது

அன்றிரவுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. காசு செலவில்லை, யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை, அம்மா கையால் ஒரு வாய்ச் சோறு. அந்த ஒரு வாய்ச் சோற்றுக்கு மருந்தின் வேலை உண்டு.

ஆனால் தாய் வீடு ஓர் இடமே தவிர முடிவு அல்ல. பத்து நாளில் பக்கத்து வீட்டார் கேட்கத் தொடங்குவார்கள். ஒரு மாதத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பிரச்சினையாகும். தம்பிக்குப் பெண் பார்க்கும் நேரமாக இருந்தால் வீட்டுக்குள்ளேயே முகங்கள் மாறும். எழுத்தில் எதுவும் இல்லாததால், "சண்டை போட்டுக்கொண்டு அவளாகப் போனாள்" என்று கணவன் வீட்டார் சொல்வதே நிற்கும்.

வீட்டை விட்டு வெளியேறினால் உரிமை போய்விடும் என்ற பயத்தில் பல பெண்கள் கால் எடுத்து வைப்பதே இல்லை. அது தவறு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம், வீட்டுப் பத்திரத்தில் அவள் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே வசிக்கும் உரிமையை அவளுக்குத் தருகிறது. மாமனார் மாமியார் பெயரில் உள்ள வீடு என்றாலும், குடும்பமாக வாழ்ந்த வீடாக இருந்தால் அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெண் விலகிப் போன நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை. பிடி நழுவுகிறது என்று தெரியும்போது சில ஆண்கள் கொலை வரைக்கும் போவார்கள். ஆகவே தாய் வீட்டில் இருப்பது என்றால் கதவைத் தாழிட்டு, பள்ளிக்கூடத்தில் யார் வந்து கேட்டாலும் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று சொல்லி வைத்து இருப்பது.

## பெரியவர்களை வைத்துப் பேசுவது

இதைப் பழிப்பது எளிது. நான் பழிக்கமாட்டேன். கடலோரக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்தின் சொல்லுக்கு இன்றும் எடை உண்டு. காலையில் சொன்னால் மாலையில் கூடுவார்கள். வக்கீல் இல்லை, வாய்தா இல்லை. ஊர் முன்னால் தலைகுனிந்து நிற்கும் பயம் சில ஆண்களின் கையைக் கட்டிப் போட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

மறைந்திருக்கும் விலை வேறு. பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஆண்கள். பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் அப்படி ஒரு கூட்டத்துக்கு ஒரு பெண்ணோடு துணைக்குப் போயிருந்தேன். முந்திரி உடைக்கும் வேலை அவளுக்கு. தோல் எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரல்களை மடியில் மறைத்துக்கொண்டு நின்றாள். என்ன நடந்தது என்று கேட்டபோது அவளுக்கு ஒரு சிரிப்பு வந்தது. உதடு நடுங்கி வந்த சிரிப்பு அது. "பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்கிறாள், பெரிதாக ஒன்றும் இருக்காது" என்றார் ஒருவர். எந்த நாளில் எதனால் அடித்தான் என்ற கேள்விக்கு இரண்டு முறை இரண்டு பதில் சொன்னாள். அதோடு முடிந்தது. கணவனுக்கு அபராதம், அது கோயிலுக்கு. அவளுக்கு அனுசரித்துப் போகச் சொல்லிப் புத்திமதி. அன்று இரவே அவள் அந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஊர் முன்னால் சொன்னதற்கும் சேர்த்து அந்த வாரம் வாங்கினாள்.

முதல் முறை கை நீட்டியிருக்கிறான், ஆயுதம் எடுக்கவில்லை, கழுத்தில் கை வைக்கவில்லை, பெண் பக்கத்துக்காகத் துணிந்து பேசும் ஒருவராவது கூட்டத்தில் இருக்கிறார் என்றால் மட்டும் இந்த வழி. அப்போதும் பேசியதைத் தேதியிட்டு எழுதி, கணவனிடமும் இரண்டு சாட்சிகளிடமும் கையெழுத்து வாங்கி, ஒரு நகலைப் பெண் வீட்டார் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் வாயால் சொல்லவேண்டியதை முன்னதாகவே எழுதிக்கொண்டு போய் வேறொருவர் வாசிக்கலாம். மறுபடி கை நீட்டினால் இரண்டாவது பஞ்சாயத்து வேண்டாம்.

## மகளிர் காவல் நிலையம்

தமிழ்நாட்டில் 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. நம் மாவட்டத்தில் கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் போன்ற ஊர்களில் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் எந்த யோசனையும் வேண்டாம், 112-ஐ அழையுங்கள். வந்து நின்று தடுக்கும் அதிகாரம் வேறு யாருக்கும் இல்லை.

மனைவிக்குக் கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 498-ஏ பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு. மூன்று ஆண்டுகள் வரை சிறை. புகாரை அவளேதான் கொடுக்கவேண்டும் என்பதில்லை, இரத்த உறவினரும் கொடுக்கலாம். முதுநகர் அக்கா இதைக் கவனிக்க வேண்டும்.

எதிர்பார்ப்பையும் சரிசெய்துகொள்ள வேண்டும். புகார் கொடுத்த உடனே கைது என்பது இல்லை. அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல் அப்படித் தானாகக் கைது செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டது. கணவன் மனைவி தகராறில் முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை நடத்தவும் இடமிருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், மனு ரசீதாக ஒரு சி.எஸ்.ஆர். கொடுப்பார்கள். கணவனை வரச் சொல்வார்கள். அவன் "இனி அடிக்கமாட்டேன்" என்று எழுதிக் கொடுப்பான். இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். அந்த இரவு எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சி.எஸ்.ஆர். எண் மிக முக்கியம், வாங்காமல் எழுந்து வராதீர்கள். முதல் தகவல் அறிக்கை போட்டால் அதன் நகலை இலவசமாகத் தரவேண்டும்.

திரும்பும் வழி இங்கே குறுகல். வழக்குப் பதிவான பிறகு, சமாதானமாகிவிட்டோம் என்று சொல்லி நிலையத்தில் திரும்பப் பெற முடியாது. உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் ரத்துச் செய்யவேண்டும். கணவன் அரசு வேலையில் இருந்தால் அவன் வேலைக்கு ஆபத்து வரலாம். ஜீவனாம்சம் அந்தச் சம்பளத்திலிருந்துதான் வரவேண்டும் என்பதால் இதை யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. யோசிப்பது கோழைத்தனம் அல்ல. ஆனால் கத்தி, தீ, கழுத்து, கர்ப்பத்தில் உதை, பிள்ளைகள் மீது கை என்று வந்துவிட்டால் யோசிக்க இடமில்லை. நிலையத்துக்குத்தான் போகவேண்டும்.

## பாதுகாப்பு அலுவலரிடம் மனு

இந்த வழியைத்தான் மக்கள் மிகக் குறைவாக அறிந்திருக்கிறார்கள். பெரும்பாலான பெண்களுக்குப் பொருந்துவது இதுதான் என்பது என் கருத்து.

2005-ஆம் ஆண்டுச் சட்டம் கணவனைச் சிறைக்கு அனுப்புவதை நோக்கமாகக் கொண்டதல்ல. அடியை நிறுத்துவது, கூரையைக் காப்பது, செலவுக்குப் பணம் வாங்கித் தருவது அதன் வேலை. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவர் நடந்ததைக் கேட்டு ஒரு படிவத்தில் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதி நீதித்துறை நடுவருக்கு அனுப்புவார். நடுவர் அடிக்காதே என்று பாதுகாப்பு ஆணை போடலாம், அவளை வீட்டிலிருந்து வெளியேற்றாதே என்று உறைவிட ஆணை போடலாம், கணவனையே வெளியே இருக்கச் சொல்லலாம், பணம் கொடுக்க உத்தரவிடலாம், பிள்ளைகளைத் தற்காலிகமாக அவளிடம் ஒப்படைக்கலாம். அவள் கொண்டுவந்த நகையையும் சீர்ப் பொருளையும் திருப்பித் தரச் சொல்லலாம். அவசரமென்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே இடைக்கால உத்தரவு உண்டு. பாதுகாப்பு ஆணையை மீறினால் அப்போதுதான் சிறை, ஓராண்டு வரை. மனைவிக்கு மட்டுமல்ல, ஒரே வீட்டில் வாழும் தாய், சகோதரி, விதவை மருமகள் எல்லோருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

இதற்கு நான் முதலிடம் கொடுப்பதற்குக் காரணம் அந்த அறிக்கை எழுதப்படும் விதம். நாற்காலியில் உட்கார்ந்து ஓர் அலுவலரிடம் சொல்கிறாள். அடி, வசவு, பணத்தைப் பறித்தது, படுக்கையில் நடந்தது என்று படிவமே தலைப்புத் தலைப்பாகக் கேட்கிறது. வரிசையாகக் கதை சொல்லத் தெரியாத மனத்துக்கு அது கைப்பிடி மாதிரி. வாயால் அடிப்பதும் பசி போடுவதும்கூட வன்முறைதான் என்று அந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் பல பெண்கள் முதன்முதலாகத் தெரிந்துகொள்கிறார்கள். அந்தக் கணத்தில் அவர்கள் முகத்தில் வரும் மாற்றத்தை நான் பார்த்திருக்கிறேன்.

விலை என்ன? காலம். முதல் விசாரணை மூன்று நாட்களுக்குள், முடிவு 60 நாட்களுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா. கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒருநாள் கூலி, பஸ் செலவு, பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கவலை. வக்கீல் செலவை மட்டும் தவிர்க்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரவேண்டும். அதற்கான எண் 15100. காகிதத்தில் உள்ள ஆணை நள்ளிரவில் கதவை உடைப்பவனைத் தானாகத் தடுக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதன் நகல் ஒன்று பக்கத்துக் காவல் நிலையத்திலும் இருக்கவேண்டும்.

திரும்பும் வழி இங்கே அகலமானது. வேண்டாமென்றால் மனுவைத் திரும்பப் பெறலாம், நாளை மறுபடி கொடுக்கலாம்.

## சகி மையம்

ஒருங்கிணைந்த சேவை மையம் என்று பெயர். 181-ஐ அழைத்தால் இணைப்பார்கள். வைத்தியம், போலீஸ், வக்கீல், ஆலோசனை எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து வழிகாட்டுவார்கள், பொதுவாக ஐந்து நாட்கள் வரை தங்கலாம். தாய் வீடே இல்லாதவளுக்கும், தாய் வீட்டுக் கதவு மூடியவளுக்கும் இதுதான் முதல் வாசல். வளர்ந்த மகன் உடன் இருந்தால் தங்க வைப்பார்களா என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறாவது நாள் எங்கே என்ற கேள்வியை முதல் நாளே கேளுங்கள்.

## மனநல மருத்துவர்

"முதலில் கேஸ் முடியட்டும், பிறகு மனசைப் பார்க்கலாம்" என்கிறார்கள். தூக்கமில்லாமல், சத்தம் கேட்டால் பதறி, பேச்சு குழறி நிற்பவள் கேஸை எப்படி நடத்துவாள்? நம் பெண்கள் மனம் வலிக்கிறது என்று சொல்வதில்லை. தலைவலி, முதுகுவலி, நெஞ்சடைப்பு என்று சொல்லி வருடக்கணக்கில் மாத்திரை வாங்குவார்கள். பிள்ளை திடீரெனப் படுக்கையை நனைப்பதும் பள்ளிக்கூடம் போக மறுப்பதும்கூட அந்த வீட்டின் சேதியாக இருக்கலாம்.

கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும், புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மரிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. பேச மட்டும் வேண்டுமென்றால் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். அதிர்ச்சிக்கென்றே வகுத்த பேச்சுச் சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு. தூக்க மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு வருவது சிகிச்சை ஆகாது.

மனநல மருத்துவரைப் பார்த்தால் பைத்தியம் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. சில கணவன்மார்கள் அப்படி முயல்வார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் இருப்பதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவராகக் கொள்ளக்கூடாது என்கிறது. சிகிச்சை விவரத்தை இரகசியமாக வைக்கவும் சொல்கிறது. மருத்துவர் குறித்து வைத்தது பின்னால் அவளுக்கே சாட்சியாகவும் நிற்கும்.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: அடி நிற்காத நிலையில் கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக உட்கார வைக்கும் ஆலோசனை. அந்த அறையில் உண்மை பேசினால் வீட்டில் அதற்குக் கூலி கிடைக்கும். "குடிதான் காரணம், குடியை நிறுத்தினால் போதும்" என்று அவனை மட்டும் சிகிச்சைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதும் போதாது. குடி நிற்க வேண்டியதுதான். ஆனால் எவ்வளவு குடித்தாலும் முதலாளியை அவன் அடிப்பதில்லை என்பதையும் பாருங்கள்.

## பெண்ணையாற்றுக்கு இக்கரையா, அக்கரையா

கடலூரிலிருந்து புதுச்சேரி 22 கிலோமீட்டர்தான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. ஆனால் பாலம் தாண்டினால் போலீஸ் வேறு, சமூக நலத் துறை வேறு. "சம்பவம் நடந்த இடத்தில் போய்க் கொடுங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் நின்று பதில் சொல்லுங்கள். அடிபட்டுத் தாய் வீட்டில் தஞ்சம் புகுந்தவள் அந்தத் தாய் வீடு இருக்கும் ஊரிலேயே கொடுமைப் புகார் கொடுக்கலாம் என்று ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நடுவரிடம் மனுப் போடலாம். குற்றம் நடந்த இடம் எதுவானாலும் புகாரைப் பதிந்து, பிறகு உரிய நிலையத்துக்கு அனுப்பவும் இப்போது சட்டத்தில் வழி இருக்கிறது. அவளை அடித்த ஊருக்கே அவள் திரும்பிப் போய்ப் புகார் எழுதத் தேவையில்லை.

## முதுநகர் அக்காவுக்கு

உங்கள் கடிதத்தில் என்னை உறையவைத்தது அந்த விரல் தடம். அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், கணவனோ காதலனோ கழுத்தை நெரித்துப் பிழைத்த பெண் பின்னாளில் அவன் கையாலேயே கொல்லப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கு மேல் என்று கண்டார்கள். தடம் மறைந்தாலும் உள்ளே இரத்தக் குழாய் பாதிக்கப்பட்டிருக்கலாம், அது சில நாட்கள் கழித்தும் பக்கவாதமாக வெளிப்படலாம்.

ஆகவே உங்கள் வீட்டில் பேசுகிற எதுவும் முதல் வாசல் அல்ல. இன்றே அரசுத் தலைமை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கணவன் கழுத்தை நெரித்தான் என்று அவள் வாயால் சொல்லட்டும், அதை விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். குரல் கம்மியிருக்கிறதா, விழுங்கும்போது வலிக்கிறதா, நெரித்தபோது சிறுநீர் பிரிந்ததா என்று மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். அங்கிருந்து மகளிர் காவல் நிலையம். தம்பி சொன்னது சரி, ஆனால் அவன் குதித்துக்கொண்டு போகாமல் அமைதியாக உடன் வரட்டும். நிலையத்திலிருந்து பாதுகாப்பு அலுவலர். இரண்டு வழிகளையும் ஒன்றாக எடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. பெரியவர்களைக் கூப்பிடும் கட்டத்தை உங்கள் தங்கை கடந்துவிட்டாள் என்று அப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். அவர் வருத்தப்படுவார், உடன் வரச் சொல்லுங்கள்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடிவாதம் அல்ல. எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்காருங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வையுங்கள். ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு ஏதாவது சொல்வாள், அரைகுறையாக, முன்பின்னாக. திருத்தாமல், வரிசைப்படுத்தாமல், அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, கீழே அன்றைய தேதியைப் போடுங்கள். ஆதார், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, சி.எஸ்.ஆர். ரசீது ஆகியவற்றோடு அந்த நோட்டையும் ஒரே பையில் வைத்து, பையை உங்கள் வீட்டில் வைக்காமல் நம்பிக்கையான ஒரு பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.